சிரிக்காதீங்கோ, படம் பழுதாப் போகும்

பதினாறு வயசில அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனது இப்பவும் நல்ல ஞாபகம். மானிப்பாயில் ஒரு சின்ன ஸ்ரூடியோ. திரைக்கு முன்னால் ஒரு ஸ்ரூல், இரண்டு பக்கமும் குடை விரித்த லைற். காது தெரியத் தலைமயிரை ஒதுக்கச் சொன்னார் படம் எடுக்கிற அண்ணா. ஒதுக்கினேன். நிமிர்ந்து இருக்கச் சொன்னார். இருந்தேன். கமராவைக் கண்டால் பல்லைக் காட்டுறது என்ர பழக்கம், காட்டினேன். அவர் கமராவுக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டி, "தங்கச்சி, சிரிக்காதீங்கோ, படம் பழுதாப் போகும். திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்" எண்டார்.

போன வருசம் அந்த வசனத்தை வைத்து ஒரு குறும்படம் எடுத்தேன். ஆறு நிமிசம். ஃபோனால் எடுத்தது. அம்மம்மா, அம்மா, நான் என்று மூன்று தலைமுறையின் மூன்று அடையாள அட்டைகள். ஒவ்வொருவரும் தங்கட அட்டையில் இருக்கிற படத்தைப் பார்த்து, அந்த நாள் என்ன நடந்தது எண்டு சொல்ல வேணும். அவ்வளவுதான் திட்டம். அம்மம்மா திட்டத்தைக் குழப்பினா.

பழைய அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பது இலக்கம், கடைசியில் ஆங்கில 'வீ' எழுத்து. வாக்களிக்கத் தகுதி உள்ளவர் என்பதற்கான குறி அது. அம்மம்மாவின்ர தமையன் ஒருவர் அதை 'வெள்ளாளர்' என்ற சொல்லின் முதலெழுத்து எண்டு நம்பிக்கொண்டு இருந்தவராம். கன வருசம். ஒரு நாள், சாதியில் தனக்குக் கீழே எண்டு அவர் நினைத்துக்கொண்டிருந்த ஒருவரின் அட்டையில் அதே எழுத்தைக் கண்டுவிட்டார். வீட்டுக்கு வந்து, கச்சேரிக்கு முறைப்பாடு எழுதுறதுக்குப் பேப்பரும் பேனையும் கேட்டவராம். இதைச் சொல்லிப்போட்டு அம்மம்மா சிரிச்ச சிரிப்புத்தான் என்ர படத்தின் கடைசி ஒரு நிமிசம். வேறு ஒன்றும் இல்லை, அம்மம்மாவின் முகம், சிரிப்பு.

படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். எந்தப் போட்டி என்பது இங்கே தேவையில்லை. நடுவர்களில் ஒருவர் பண்பாகத்தான் கதைத்தார். "நல்லா எடுத்திருக்கிறீங்கள். ஆனா எங்கட வலி எங்க? எல்லாம் பகிடியாப் போச்சுதே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடைசியில ஒரு வயலின் போட்டிருக்கலாம்" எண்டும் சொன்னார்.

இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு, இது அந்த மனிசன் தனியாகக் கண்டுபிடித்த கருத்து இல்லை எண்டு விளங்கியது. ஈழத்தில் கமரா பிடித்தவர்களிடம் இருந்து பார்ப்பவர்கள் எதை எதிர்பார்க்கப் பழகினார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் சிரிப்பு எங்கே நின்றது, 'நான்' எண்டு ஒரு ஆள் எப்ப வந்தது என்று தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மானிப்பாயைப் படித்த ஆக்களுக்கு 1842-இல் வந்த மானிப்பாய் அகராதியால் தெரியும். சினிமாவால் யாருக்கும் தெரியாது. ஆகவே ஊரை விட்டு வெளியில் போய்த்தான் தொடங்க வேணும்.

அட்டையில் இருந்தே தொடங்கலாம். ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1968-இல் வந்தது, அட்டை கையில் கிடைக்கத் தொடங்கியது 1972-இல். இலங்கை குடியரசான அதே வருசம். அதே 1972-இல்தான் 'குத்துவிளக்கு' என்ற படமும் வந்தது. கட்டடக் கலைஞர் வீ.எஸ். துரைராஜா தயாரித்து, டபிள்யூ.எஸ். மகேந்திரன் இயக்கிய படம். அதற்குப் பத்து வருசம் முந்தியே இங்கே தமிழ்ப் படம் தொடங்கிவிட்டது. 1962-இல் 'சமுதாயம்', 1963-இல் 'தோட்டக்காரி'. ஆனால் இந்த நாட்டில் எடுத்த தமிழ்ப் படங்களுக்குக் கண் முழுக்கச் சென்னையின் மேல்தான். யாழ்ப்பாணத்து வெய்யிலில் நின்றுகொண்டு கோடம்பாக்கத்துத் தமிழ் பேசுவது ஒரு விநோதமான வேலை. வீட்டில் "எங்க போறாய்" எண்டு கேட்கிற பிள்ளை, கமராவைக் கண்டதும் "எங்கே செல்கிறாய்" எண்டுவிடும். 'குத்துவிளக்கு' போன்ற படங்களின் முக்கியம், எங்கட ஊரையும் எங்கட பேச்சையும் திரையில் காட்டலாம் என்று நம்பியதுதான்.

1977-இல் வந்த 'பொன்மணி' இன்னும் ஒரு படி போனது. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. சிங்களவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பித்தவர். வசனம் காவலூர் ராஜதுரை. சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாண வீட்டுக்குள் எப்படி வேலை செய்கின்றன என்று சத்தம் போடாமல் காட்டிய படம். படம் ஓடவில்லை. தங்கட வீட்டைத் தியேட்டரில் காசு குடுத்துப் பார்க்க யாழ்ப்பாணத்துக்கு விருப்பம் இருக்கவில்லைப்போல. என்ர அம்மம்மாவின் தமையன் எப்படியும் அதைப் பார்த்திருக்க மாட்டார்.

ஓடின படம் எது? 'கோமாளிகள்'. 1976. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று கதைக்க வேணும், ஏனென்றால் என்ர வயதில் உள்ளவர்களுக்கு இந்தப் பெயரே தெரியாது.

அது முதலில் வானொலி நாடகம். 'கோமாளிகள் கும்மாளம்'. எஸ். ராம்தாஸ் எழுதியது. நாலு பாத்திரம், நாலு பேச்சு. மரிக்கார் முஸ்லிம்களின் தமிழ் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ். உபாலி, சிங்களவர் தமிழ் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. ஐயர் பிராமணத் தமிழ். வானொலியில் முகம் தெரியாது. ஆளை அடையாளம் காட்டுறது உச்சரிப்பு மட்டும்தான். அந்த உச்சரிப்புகள் ஒன்றோடொன்று முட்டுகிற இடத்தில்தான் பகிடி. இப்ப யார் யார் நடித்தார்கள் என்று பாருங்கள். மரிக்காராக நடித்தவர் ராம்தாஸ். அவர் முஸ்லிம் இல்லை. உபாலியாக நடித்தவர் எஸ். செல்வசேகரன். சிங்களவர் இல்லை. ஐயராக நடித்தவர் பி.எச். அப்துல் ஹமீத்! அப்புக்குட்டி ரி. ராஜகோபால். ராம்தாஸுக்குக் கடைசி வரைக்கும் 'மரிக்கார் ராம்தாஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது, செல்வசேகரனுக்கு 'உபாலி செல்வசேகரன்'. வேறொரு இனத்தின் பெயரைத் தன்ர பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு ஒரு மனிசன் இந்த நாட்டில் சந்தோசமாக வாழ்ந்திருக்கிறார். எனக்கு இது பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய தகவலாகத் தெரிகிறது.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. மற்ற ஆக்களின் பேச்சை நக்கலாகச் செய்து காட்டுறதில் எப்பவும் ஒரு கூர்முள் இருக்கும். இன்றைக்கு ஒரு பல்கலைக்கழகப் பெடியன் மேடையில் உபாலி மாதிரிக் கதைத்தால் எனக்கு உடம்பு கூசும். ஆனால் 'கோமாளிகள்' நாலு பேரையும் ஒரே வீட்டுக்குள் போட்டுக் குழப்பியது. அப்புக்குட்டியும் கோமாளிதான். 'நாங்கள்' பார்த்துச் சிரிக்கிற 'அவர்கள்' என்று ஒருவரும் தனியே நிற்கவில்லை. என்ர அப்பப்பா உயிரோடு இருந்த காலத்தில் அப்புக்குட்டியின் குரலில் கதைத்துக் காட்டுவார். யாழ்ப்பாணத்தார் யாழ்ப்பாணத்தாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று நான் முதலில் கண்டது அங்கேதான்.

அதே 1976, மே 14-இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம். அது நிறைவேறிய பண்ணாகம் எங்கட வீட்டில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். தனிநாடு என்று முடிவெடுத்த வருசமும், ஒரு முஸ்லிம் ஐயராக நடிக்க ஊர் சனம் விழுந்து விழுந்து சிரித்த வருசமும் ஒன்றுதான். இரண்டில் ஒன்றுதான் உண்மையான யாழ்ப்பாணம் என்று சொல்ல நான் வரவில்லை. தீர்மானத்துக்குக் கை உயர்த்தின ஆளே பின்னேரம் றேடியோவைப் போட்டுவிட்டுச் சிரித்தும் இருப்பார்.

இன்னொரு ஆளையும் சொல்ல வேணும். கே.எஸ். பாலச்சந்திரன். கரவெட்டிக்காரர். 'வாடைக்காற்று' (1978) பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். ஆனால் அவரின் பேரைச் சொன்னால் எங்கட வீட்டுப் பெரியாக்களுக்கு வருவது 'அண்ணை றைற்'தான். ஒரே ஆள், ஒரு மேடை, ஒரு பஸ். கொண்டக்டர், ஏறுகிற சனம், இறங்குகிற சனம் எல்லாம் அவர் ஒருவர்தான். செற் இல்லை, வேறு நடிகர் இல்லை. இன்றைக்கு யூரியூப்பில் ஒரு பெடியன் தலையில் துவாயைக் கட்டி அம்மாவாகவும், துவாயைக் கழற்றி மகனாகவும் நடித்து நாலு நிமிசத்தில் ஒரு வீடியோ போடுகிறான் என்றால், அவனுக்குத் தெரியாமலே அவனின் தாத்தா பாலச்சந்திரன்தான். பரீட்சார்த்தம் என்றால் ஏதோ விளங்காத படம் என்று நினைக்கிறோம். ஒரு உடம்புக்குள் ஒரு பஸ்ஸை ஏற்றினது பரீட்சார்த்தம் இல்லையா?

இதெல்லாம் எங்கே போனது என்ற கேள்விக்கு விடை உங்களுக்கே தெரியும். 1983 யூலையில் வத்தளை ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவை எரித்தார்கள். உள்ளே இருந்த நெகற்றிவ்களில் பெரும்பகுதி சிங்களப் படங்கள். தமிழனின் சொத்து என்று எரித்ததில் சிங்கள சினிமாவின் ஞாபகமும் எரிந்தது. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட்டை அந்த நாட்களில் கொன்றார்கள். 1962-இல் தொடங்கி 1993-இல் வந்த 'சர்மிளாவின் இதயராகம்' வரை எண்ணினால் இங்கே எடுத்த தமிழ்ப் படங்கள் முப்பதைத் தொடாது. அதிலும் 1983-க்குப் பிறகு வந்தது விரலில் ஒன்று.

பிறகு 1990. ஒக்டோபர் 30-ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணித்தியால அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு இங்கே 'மரிக்கார்' என்று ஒரு பாத்திரத்தை யார் எழுத முடியும்? சோனகதெருவில் மரிக்காரின் பேச்சைப் பேசின சனம் புத்தளத்து முகாம்களில். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கும்போது செய்தால் பகிடி. ஆளைத் துரத்திப்போட்டு அவரின் பேச்சைச் செய்து காட்டினால் அதற்கு வேறு பெயர். எங்கட சிரிப்பை அரசாங்கமும் யுத்தமும் மட்டும் பறிக்கவில்லை, ஒரு பகுதியை நாங்களே எங்கட கையால் அனுப்பி வைத்தோம் என்று எழுத எனக்குக் கொஞ்சம் கை நடுங்கத்தான் செய்கிறது. சரியாக ஐந்து வருசம் கழித்து, 1995-இல் அதே ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டது. மானிப்பாயும் வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு. அம்மா தன்ர சாமத்திய வீட்டு அல்பத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கொண்டு போனவ. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. திறப்பு இப்பவும் இருக்கு.

அந்தக் காலத்தில் கரண்ட் இல்லை. ஆனால் படம் பார்க்காமல் இருக்கவில்லை சனம். ஒழுங்கைக்கு ஒழுங்கை காசு பிரித்து, ஜெனரேற்றர், ரீவி, டெக் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று படம் ஓட்டுவார்கள். மண்ணெண்ணெய் தங்கம் விற்ற விலையில் அது ஒரு திருவிழா. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு விளக்கெரித்த வீடுகள்தான் ரஜினிக்காக மண்ணெண்ணெய் சேர்த்து வைத்தன. வாய்ப் பகிடிக்கும் குறைவில்லை. குண்டு போட வந்த விமானத்துக்கே 'சகடை' எண்டு பட்டம் வைத்த ஊர் இது.

ஆனால் கமரா வேறு கையில் இருந்தது. புலிகளின் நிதர்சனம் பிரிவு வீடியோக்கள் எடுத்தது, 'ஒளிவீச்சு' என்று தொடராகவும் வந்தது, குறும்படங்களும் எடுத்தார்கள். 'குறும்படம்' என்ற வடிவத்தை எங்கட பெரியாக்களில் கன பேர் முதலில் கண்டதே அப்படித்தான். தொழில்நுட்பமாக அதில் நிறைய உழைப்பு இருந்தது. அந்தப் படங்களுக்கு ஒரு நோக்கம் இருந்தது, அதற்குள் எல்லாம் அடங்க வேணும். 'நான்' என்று ஒருவர் கமராவை நேரே பார்த்துப் பேசினால், அது பெரும்பாலும் திரும்பி வராத ஆளின் கடைசிப் பேச்சாக இருந்தது. அந்த 'நான்' முன்னால் இருந்துகொண்டு யார் பகிடி விடுவார்?

இங்கே ஒன்றைத் தவறவிட்டுவிடுவோம். சினிமா என்று நாங்கள் கணக்கெடுக்காத ஒரு பெரிய களஞ்சியம் இந்த நேரத்தில் வளர்ந்தது. கலியாண வீடியோ, சாமத்திய வீட்டு வீடியோ, செத்தவீட்டு வீடியோ. வெளிநாட்டில் இருக்கிற ஆக்கள் வர முடியாது. வந்தால் திரும்பிப் போக ஏலாது, அல்லது வரவே விசா இல்லை. ஆகவே கசெற் போக வேணும். செத்தவீட்டு வீடியோவைப் பார்த்திருக்கிறீர்களா? சவத்தைக் கட்டி அழுகிற மாமி, கமரா கிட்ட வந்ததும் முகத்தைத் துடைத்துவிட்டு, "ராசன், கொப்பர் கடைசி வரைக்கும் உன்ரை பேரைத்தான் சொன்னவர்" என்று லென்ஸைப் பார்த்துச் சொல்லுவா. சொல்லிவிட்டுத் திரும்ப அழுவா. கமராக்காரருக்கு யாரும் இயக்கம் படிப்பிக்கவில்லை. ஆனால் ஆர் ஆருக்குப் பேச வேணும் என்பதில் அந்தக் கூட்டத்துக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

சந்தால் அக்கர்மன் என்ற பெல்ஜியப் பெண் இயக்குநர் 1977-இல் 'நியூஸ் ஃபுறொம் ஹோம்' என்ற படத்தை எடுத்தார். நியூயோர்க் தெருக்கள் நீளமாக ஓடிக்கொண்டிருக்கும், மேலே பிரசெல்ஸில் இருந்து அவரின் தாய் எழுதிய கடிதங்களை அவரே வாசிப்பார். சாப்பிட்டியா, ஏன் கடிதம் போடேல்லை, காசு கிடைச்சுதா. அதைப் பார்த்தபோது எனக்கு அக்கர்மனின் ஞாபகம் வரவில்லை, ரொறன்ரோவில் இருக்கிற மாமாவுக்கு அம்மம்மா எடுக்கிற கோல்தான் வந்தது. ஜோனாஸ் மெகாஸ் லித்துவேனியாவில் இருந்து யுத்தத்தால் துரத்தப்பட்டு, ஜேர்மனியில் அகதி முகாம்களில் இருந்து, 1949-இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்த கையோடு ஒரு பொலெக்ஸ் கமரா வாங்கினவர். 1972-இல் அவர் வெளியிட்ட படம், கால் நூற்றாண்டுக்குப் பிறகு தாயைப் பார்க்க ஊருக்குப் போனது பற்றியது. தாய் வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பா, அவ்வளவுதான். உலகம் அதைத் தனிமனித சினிமாவின் பெரிய படைப்பு என்கிறது. எங்கட ஆக்களும் முதல் முறை ஊருக்கு வந்து கிணற்றையும் ஆட்டையும் பிலாமரத்தையும் ஹன்டிகாமால் எடுத்துக்கொண்டு போனவை. அந்தக் கசெற்றுகள் ஸ்காபரோவிலும் லா சப்பலிலும் எத்தனை அலுமாரிக்குள் கிடந்து பூஞ்சணம் பிடிக்குதோ. மெகாஸ் செய்த வேலையில் முக்கால்வாசியை எங்கட மாமாமார் செய்துவிட்டார்கள். மிச்சக் கால்வாசி, அதை எடுத்து வெட்டி ஒட்டி, 'இது நான்' என்று வெளியில் காட்டுற துணிவு.

அந்தத் துணிவு முதலில் புலம்பெயர்ந்த இடங்களில்தான் வந்தது. பாரிஸில் இருக்கும் பிரதீபன் ரவீந்திரனின் குறும்படம் 'ஷடோஸ் ஒஃப் சைலன்ஸ்' 2010-இல் கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவில் காட்டப்பட்டது. ரொறன்ரோவில் லெனின் எம். சிவம் '1999', 'ஏ கன் அன்ட் ஏ றிங்' என்று முழுநீளப் படங்களுக்குப் போனார். மாயா அருள்பிரகாசம், உலகத்துக்கு எம்.ஐ.ஏ., பாட்டுக்கு வர முந்தி லண்டனில் திரைப்படம் படித்தவர். தன்னையும் குடும்பத்தையும் தானே எடுத்து வைத்த கசெற்றுகளில் இருந்துதான் 2018-இல் அவரைப் பற்றிய ஆவணப்படம் வந்தது. இந்த வரிசையில் எம்.ஐ.ஏ. மட்டும்தான் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவை துயரம். நல்ல துயரம், தேவையான துயரம். சோமிதரனின் 'எரியும் நினைவுகள்' (2008) யாழ் நூலக எரிப்பைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் நாங்கள் எதை வைத்துக் கதைப்போம்? நான் துயரத்துக்கு எதிராக எழுதவில்லை. துயரம் மட்டுமே நுழைவுச்சீட்டாக இருப்பதற்கு எதிராக எழுதுகிறேன்.

'நான்' என்று சொன்னால் என்ன விலை என்பதற்கு ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' சாட்சி. 1983-இல் கொழும்பில் இருந்து ரயிலில் தப்பி வந்த சிறுவன், வளர்ந்து தன்ர குடும்பத்தின் கதையை எடுக்கிறான். புலிகள் அல்லாத இன்னொரு இயக்கத்தில் இருந்துவிட்டுக் கனடா போன மாமா திரும்பி வருகிறார். இயக்கங்களுக்குள் நடந்த கொலைகளைப் பற்றி வாய் திறக்கிறார். படம் 2017-இல் கானில் காட்டப்பட்டது. அடுத்த வருசம் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவில் காட்ட இருந்தார்கள். எதிர்ப்பு வந்தது, காட்டவில்லை. அனோமா ராஜகருணா போன்றவர்கள் 2015-இல் தொடங்கிய அந்த விழாவில்தான் என்னைப் போன்ற ஆக்கள் உலகத்துக் குறும்படங்களைப் பெரிய திரையில் காண முடிந்தது. அதனால்தான் அந்த விடயம் கூடுதலாக உறுத்துகிறது. ஜூட் ரட்ணத்தின் படத்தோடு எனக்கும் சண்டை இருக்கிறது, அரசு செய்ததன் பாரம் அதில் போதாது என்பது என்ர எண்ணம். ஆனால் அந்தச் சண்டையை என்ர ஊர்த் தியேட்டரில் இருந்து பிடித்திருக்க வேணும், லப்ரொப்பில் தனியாக இருந்து இல்லை.

சிரிப்பும் அரசியலும் ஒன்றாகப் போகாது என்று நினைக்கிறவர்களுக்கு நான் எப்பவும் சொல்லும் பெயர் எலியா சுலைமான். பலஸ்தீனர். தன்ர படங்களில் தானே நடிப்பார், வாயே திறக்க மாட்டார். 2002-இல் வந்த 'டிவைன் இன்டர்வென்ஷன்' படத்தில் காதலனும் காதலியும் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் காருக்குள் சந்திப்பார்கள், அவளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள் என்பதால். அவன் ஒரு சிவப்புப் பலூனை ஊதி விடுவான். பலூனில் அரபாத்தின் முகம். ஆமிக்காரர் துவக்கைத் தூக்கிக்கொண்டு, இதைச் சுடுறதா விடுறதா எண்டு விளங்காமல் நிற்பார்கள். பலூன் சாவடியைக் கடந்து போய்விடும். 2002 எங்களுக்கு ஏ9 திறந்த வருசம். ஓமந்தையிலும் முகமாலையிலும் நாங்கள் வரிசையில் நின்ற வருசம். அந்த வரிசைகளில் நடந்த பகிடிகளை அம்மா சொன்னால் வயிறு நோகும். பெட்டிக்குள் இருந்த பனங்கிழங்கை என்ன ஆயுதம் எண்டு கேட்ட கதை, அந்தக் கதை, இந்தக் கதை. ஒன்றும் படமாகவில்லை.

முந்தி சிங்களவரின் அட்டையில் சிங்களம் மட்டும் இருக்கும், எங்கட அட்டையில் இரண்டு மொழியும் இருக்கும். 2014-க்குப் பிறகுதான் எல்லாருக்கும் இரண்டு மொழி. அதாவது தமிழ் எழுத்து இருக்கிறது என்பதே ஆளைப் பிடித்துக் குடுத்துவிடும். அரசின் அட்டை ஒரு பக்கம், 1995 வரை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் புலிகளின் பாஸ் மறுபக்கம். அதற்குப் பிணைக்கு ஆள் வேற. 'அடையாளம்' என்ற சொல்லை விரிவுரையில் கேட்கும்போது எல்லாரும் தத்துவமாக எழுதிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது இப்பவும் லமினேற் செய்த ஒரு அட்டை.

அண்மைக் காலத்தில் நிலைமை கொஞ்சம் இளகியிருக்கிறது. ந. மதிசுதாவின் ஒரு குறும்படத்துக்கு 'துலைக்கோ போறியள்' என்று பெயர். வெளிக்கிடுகிற ஆளிடம் "எங்க போறியள்" எண்டு கேட்டால் சகுனம் பிழை என்பதால் நாங்கள் சுற்றி வளைத்துக் கேட்கிற கேள்வி அது. 'எங்கே செல்கிறாய்' காலத்தில் இருந்து இந்தத் தலைப்பு வரைக்கும் ஐம்பது வருசம் எடுத்திருக்கிறது. அவரே பிறகு சனத்திடம் சேர்த்த காசில், ஐபோனால், 'வெந்து தணிந்தது காடு' என்று இறுதி யுத்தகாலத்துப் பங்கர் வாழ்க்கையை முழுநீளப் படமாக எடுத்தார். கமரா மலிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த எடிற்றர்மாரில் முக்கால்வாசிப் பேர் கலியாண வீடியோவில் கை பழகினவை. இனிக் காசு ஒரு சாட்டில்லை. மிச்சம் இருக்கிறது 'சனம் என்ன சொல்லும்'.

அது எனக்கும் வந்தது. 'வீ' எழுத்துப் பெரியப்பாவின் மகன், கனடாவில் இருப்பவர், எப்படியோ கேள்விப்பட்டுவிட்டார். கோல் எடுத்து, "பிள்ளை, நல்ல படமாம். ஆனா உந்தச் சாதிக் கதையை வெட்டிப்போட்டு யூரியூப்பில போடன். அப்பாவும் இப்ப இல்லை" எண்டார். நடுவருக்கு வலி காணாது. இவருக்குச் சாதி கூடிப்போச்சு. இரண்டு பேர் சொன்னதையும் செய்தால் படத்தில் மிஞ்சுவது மூன்று அட்டையும் ஒரு வயலினும். வெட்டவில்லை. யூரியூப்பிலும் இன்னும் போடவில்லை, அது என்ர பயம்தான், வேறு ஆரிலும் பழி போட ஏலாது. பெரியப்பாவின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையை இங்கே எழுதியிருக்கிறேன், அதுவரைக்கும் வந்திருக்கிறேன்.

போன மாதம் சிநேகிதி ஒருத்தியின் புறொஜெக்டரை இரவல் வாங்கி, எங்கட வீட்டு விறாந்தையில் அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கட்டி, படத்தைப் போட்டேன். அயலட்டை ஒரு பதினைந்து பேர். முதல் நாலு நிமிசம் நுளம்பு அடிக்கிற சத்தம்தான். 'வீ' கதை வந்ததும் பின்னுக்கு இருந்த ஒரு மாமா "எடேய்" எண்டார், பிறகு ஒரு பகுதி சிரித்தது, ஒரு பகுதி சிரிக்கவில்லை. சிரிக்காத ஆக்கள் ஆர் ஆர் எண்டு எல்லாரும் இருட்டுக்குள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மம்மா தன்ர முகத்தை வேட்டியில் அவ்வளவு பெரிசாகக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. முடிந்த பிறகு எப்படி இருக்கு எண்டு கேட்டேன்.

"அட்டைக்குப் படம் எடுத்தவன் சிரிக்காதேங்கோ எண்டான். நீ ஒரு கிழமையாச் சிரியணை, சிரியணை எண்டு கரைச்சல் படுத்தினாய். உங்கள் ரெண்டு பேருக்கும் என்ர வாய் என்ன செய்தது?" எண்டு கேட்டுப்போட்டு, தேத்தண்ணி ஊத்த எழும்பிப் போனா.